காதைத் தொட்டால் போதுமா?



உங்கள் ஜெபங்களினாலும் காணிக்கைகளினாலும் நமது ஆஸ்பத்திரியின் ஊழியம் தடையின்றி நடந்துவருகிறதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறக்கும். ஒவ்வொரு சபையிலும் முதன்முறையாகப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கப்போகிற குழந்தைகள் சிலராவது இருப்பார்கள். அவர்களைக் குறித்து இந்த இதழில் எழுதும்படி பாரப்பட்டேன்.

உங்களில் வயது சென்றவர்களுக்கு ஒரு காரியம் நினைவிருக்கும். நாம் முதல் வகுப்பில் சேரப் போனபோது தலைமையாசிரியர் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு" என்றார். விரல் காதில் பட்டால் வயது வந்துவிட்டது என்று சேர்த்துக்கொண்டார். படாவிட்டால், "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். இதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிதாகவும் கை குட்டையாகவும் இருக்கும். ஐந்து, ஆறு வயதை ஒட்டித்தான் கை நீண்டு எதிர்ப்பக்கத்துக் காதை எட்டும். பிறந்த தேதி எழுதிவைக்காத காலத்தில் அது ஓர் உபாயமாக இருந்தது.

ஆனால் பிள்ளையின் விரல் காதைத் தொட்டதா என்று பார்த்தோமே தவிர, அந்தக் காது கேட்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இன்று எல்லார் வீட்டிலும் பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. அந்தக் குறை மட்டும் இன்னும் போகவில்லை.

ஒரு பாட்டியும் பேரனும்

நமது வெளிநோயாளர் பிரிவில் காலை ஜெபம் முடிந்தபின் ஒரு பாட்டியம்மா என்னிடம் வந்தார்கள். கையில் ஆறு வயதுப் பேரன். பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலும். ஆனால் பாட்டியின் கவலை அதுவல்ல. "ஐயா, இவன் தலையில ஒண்ணுமே ஏற மாட்டேங்குதுன்னு டீச்சர் சொல்லுதாவ. கடைசி பெஞ்சுல உக்கார வச்சிருக்காவ. நீங்கதான் இவன் புத்திக்கு ஜெபம் பண்ணணும்" என்றார்கள்.

நான் பையனின் பெயரைக் கேட்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் கேட்டேன். பாட்டி தோளில் தட்டிய பிறகுதான் திரும்பினான். உண்மையைச் சொல்லுகிறேன், "இந்தப் பிள்ளை கொஞ்சம் மந்தம்தான்" என்று நானும் மனதில் எண்ணிக்கொண்டேன். அவனுக்கு ஞானம் தரும்படி ஜெபித்து உள்ளே அனுப்பினேன்.

குழந்தைகள் டாக்டரம்மா அவனுக்குப் பின்னால் நின்று மெதுவாக அவன் பெயரைச் சொன்னார்கள். அவன் திரும்பவில்லை. காதைப் பார்த்தபோது இரண்டிலும் சீழ். "எத்தனை நாளா வருது பாட்டி?" என்று கேட்டார்கள். "அது கைப்பிள்ளையில இருந்தே வருது. பல்லு முளைக்கும்போது வந்துச்சு. பெரிசானா தானா நின்னுரும்னு சொன்னாவ. அப்பப்போ எண்ணெய் காய்ச்சி விடுவேன்" என்றார்கள் பாட்டி. செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தது. பையனுக்குப் புத்தியில் குறை இல்லை. ஆசிரியை சொன்னதில் பாதி அவனுக்கு எட்டவேயில்லை.

அன்று எனக்கு ஏலியின் நினைவு வந்தது. அன்னாளின் உதடுகள் அசைவதை மட்டும் கண்டு, அவள் குடித்திருக்கிறாள் என்று தப்பாக நினைத்த ஆசாரியன் அவர். முப்பது வருஷத்துக்கு மேல் பிரசங்கம் பண்ணியும் நானும் அதே தவற்றைச் செய்தேன். ஆகவே இந்த இதழில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்துவது என்றால் எழுத்தும் எண்ணும் முன்கூட்டியே மனப்பாடம் பண்ணவைப்பது அல்ல. கற்றுக்கொள்ளும் வாசல்கள் திறந்திருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பதே ஆயத்தம். அந்த வாசல்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன்.

1. காது

சளி பிடிக்கும்போது மூக்கின் பின்புறமிருந்து கிருமி நடுக்காதுக்குப் போகிறது. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால் எளிதில் போய்விடுகிறது. சீழ் கட்டி, செவிப்பறை கிழிந்து, வெளியே வடிகிறது. சரியாகக் கவனிக்காவிட்டால் வருஷக்கணக்காக வடியும், கேட்கும் திறன் குறையும். தலையணையில் கறை, காதில் துர்நாற்றம், கூப்பிட்டால் "ஆங்?" என்று மறுபடி மறுபடி கேட்பது, டி.வி.க்கு மிக அருகில் போய் உட்காருவது ஆகியவை அடையாளங்கள்.

எண்ணெயோ, பச்சிலைச் சாறோ, தாய்ப்பாலோ காதில் ஊற்ற வேண்டாம். குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தமான துணியைத் திரிபோல் சுருட்டி, காதில் ஈரம் நிற்காமல் துடைத்து, டாக்டர் கொடுக்கும் சொட்டு மருந்தை முறையாக விட்டால் பெரும்பாலான காதுகள் உலர்ந்துவிடும். வீட்டிலே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று தாழ்ந்த குரலில் பெயரைச் சொல்லிப்பாருங்கள். பல தடவை சொல்லியும் திரும்பாவிட்டால் அழைத்துவாருங்கள்.

2. கண்

ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்த பிள்ளையைக் கண்டுபிடிப்பது கடினம். நல்ல கண் ஈடு கொடுத்துவிடும். பிள்ளையும் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லாது, ஏனென்றால் நன்றாகத் தெரிவது எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. ஆனால் பயன்படுத்தாத கண்ணை மூளை மெல்ல ஒதுக்கிவிடும். கண்ணாடி போட்டும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைத்தும் இதைச் சரிசெய்யலாம். ஏழு வயதுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சில வீடுகளில் சொல்லுகிறார்கள். அது அதிர்ஷ்டம் அல்ல, வைத்தியம் பார்க்கவேண்டிய குறை. ஒரு கண்ணைக் கையால் மூடும்போது சும்மா இருக்கிற பிள்ளை, மற்றக் கண்ணை மூடும்போது சிணுங்கிக் கையைத் தள்ளிவிட்டால் உடனே காட்டுங்கள். வைட்டமின் 'ஏ' திரவம் ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கிறது. முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

3. இரத்தமும் வயிறும்

2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57 பேர். இரத்தம் குறைந்த பிள்ளை அழுது ஆர்ப்பாட்டம் செய்யாது. சோர்ந்து உட்கார்ந்திருக்கும், கவனம் நிற்காது, மண்ணும் சுண்ணாம்பும் தின்னும். "அமைதியான பிள்ளை" என்று நாம் மெச்சிக்கொள்ளுவோம்.

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். நல்ல சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் இரத்தப் பரிசோதனை தேவை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வாரம் இரண்டு தடவை இரும்புச்சத்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு அரசாங்கத்தில் இருக்கிறது. 2015 முதல் பிப்ரவரி 10-ம் தேதி குடற்புழு நீக்க நாளாக அனுசரிக்கப்படுகிறது. அந்த மாத்திரையைப் பயமில்லாமல் கொடுங்கள். சாப்பாட்டோடு டீ கொடுக்காதிருங்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நம் மாநிலம் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. காமராஜர் காலத்தில் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கி, இரண்டு வயதுக் குழந்தைகளையும் சேர்த்தார். 2022 செப்டம்பர் 15-ம் தேதி காலை உணவுத் திட்டமும் தொடங்கி, அடுத்த வருஷம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சென்றது. பிள்ளை இவற்றில் சாப்பிடுவதைக் கௌரவக் குறைவாக எண்ண வேண்டாம். முட்டையையும் பருப்பையும் விட்டுவிட்டு ஐந்து ரூபாய் பாக்கெட் தின்பண்டத்தைக் கையில் கொடுத்தனுப்புவதுதான் நஷ்டம்.

ஐந்து வயது முடிந்து ஆறுக்குள் போடவேண்டிய டி.பி.டி. ஊக்கத் தடுப்பூசியையும் மறவாதிருங்கள். ஒன்றரை வயது ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள்.

4. நாவு

பிள்ளைக்கு எழுத்து தெரியவேண்டுமென்பதில்லை, பேச்சு தெரியவேண்டும். நாலு வார்த்தை கோர்த்துச் சொல்லவும், கதை கேட்டு "அப்புறம்?" என்று கேட்கவும் பழகிய பிள்ளைக்கு வாசிப்பு தானாக வரும். அந்தப் பேச்சு வீட்டுப் பேச்சாகவே இருக்கட்டும். ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கப்போகிறோம் என்று தாயும் தகப்பனும் தங்களுக்கு வராத பாஷையில் பிள்ளையோடு பேச முயன்றால், பேச்சே குறைந்துபோகும். தாய்மொழியில் பெயர் தெரிந்த பொருளுக்கு வேறு மொழியில் பெயர் கற்பது எளிது.

இப்போது குழந்தைக்குச் சோறு ஊட்டக் கைப்பேசியைக் கையில் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்க்கக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுரை சொன்னது. குறைவாகப் பார்த்தால் இன்னும் நல்லது. கைப்பேசி பேசிக்கொண்டே இருக்கும், பிள்ளை சொல்லும் பதிலுக்குக் காத்திராது. பாட்டி காத்திருப்பாள்.

ஒரு சின்னக் காரியம். தன் பெயரைச் சொல்லவும், தண்ணீர் கேட்கவும், "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று கூச்சமில்லாமல் சொல்லவும் பழக்குங்கள். கேட்கப் பயந்து நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமலிருந்து, நீர்க்கடுப்போடு வரும் பெண்குழந்தைகளை நமது ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம்.

5. கை

மூன்று வயதுப் பிள்ளையின் விரலெலும்புகள் இன்னும் முற்றாதவை. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து இரண்டு கோட்டு நோட்டில் எழுதவைப்பதைக் காணும்போது மனது வேதனைப்படுகிறது. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் முதலில் மணலில் விரலால் எழுதவைத்தார்கள். சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்கு 1789 முதல் பொறுப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்கிற குருவானவர், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அப்படியே செய்தார். 1797-ல் அதைக் குறித்துப் புத்தகம் எழுதி இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது.

மணல், களிமண், புளியங்கொட்டை, பல்லாங்குழி எல்லாம் விரலுக்குப் பலம் தருகிறவை. தானே பிசைந்து சாப்பிடுவதும், சட்டைப் பித்தானைப் போடுவதும், செருப்பைச் சரியான காலில் மாட்டுவதும் எழுத்துக்கு முந்தின எழுத்துக்கள். அவசரத்தில் நாமே செய்துவிட்டால் பிள்ளை கற்றுக்கொள்ள இடமில்லாமல் போகிறது.

6. மனது

"குறும்பு பண்ணினா பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டுருவேன், சார் முதுகுத்தோலை உரிச்சிருவார்" என்று இரண்டு வருஷம் பயமுறுத்திவிட்டு, ஜூன் மாதம் பிள்ளை சிரித்துக்கொண்டே போகவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? டாக்டரையும் ஊசியையும் வைத்துப் பயமுறுத்துவதும் அப்படியே. அதன் பலனை நாங்கள் வார்டில் தினமும் காண்கிறோம்.

பள்ளி திறக்குமுன் ஒருநாள் மாலை அங்கே அழைத்துப்போய், வகுப்பையும் தண்ணீர்க் குழாயையும் கழிப்பறையையும் காட்டுங்கள். முதல் நாளில் பிள்ளை அசந்திருக்கும் நேரம் பார்த்து நழுவிவிடாதிருங்கள். திரும்பிப் பார்க்கும்போது தாய் இல்லாவிட்டால் நம்பிக்கை உடைந்துபோகும். "மணி அடிச்சதும் வந்துருவேன்" என்று சொல்லி, முத்தமிட்டுப் புறப்படுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். சில நாள் அழுகைக்குப் பின் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள்.

2010 ஏப்ரல் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சேர்க்கும்போது பிள்ளையைப் பரீட்சை செய்வதும், பிள்ளையை அடிப்பதும், மனதைப் புண்படுத்துவதும் கூடாது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. ஆனால் சிறுபிள்ளைகளைத் தம்மிடத்தில் வரவிடும்படி சீஷரைக் கடிந்துகொண்ட ஆண்டவரின் பெயரால் நடக்கும் பள்ளியில், சட்டம் கேட்பதைவிடக் குறைவாகவா நாம் செய்வது? நமது சபைகளின் பள்ளிகளில் நிர்வாகக் குழுவில் இருக்கிறவர்கள் இதைக் கருத்தாய்ச் சிந்திக்கும்படி வேண்டுகிறேன்.

சபைகள் செய்யக்கூடியது

அன்னாள் தன் பிள்ளையைப் பால்மறக்கும் வரை வீட்டில் வைத்திருந்து, ஏற்ற வேளையில்தான் ஆலயத்தில் கொண்டுவந்து விட்டாள். அதோடு அவள் வேலை முடிந்துவிடவில்லை. வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுபோனாள். ஒவ்வொரு வருஷமும் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று எண்ணிப்பார்த்துத்தானே தைத்திருப்பாள்! கேட்கும் செவியுள்ளவனாய் வளர்ந்ததினால்தான் சாமுவேல் இராத்திரியில் தன் பெயர் அழைக்கப்பட்டபோது எழுந்து ஓடினான்.

நம் சபைகளும் அப்படி அளந்து பார்க்கலாமே. உங்கள் ஓய்வுநாள் பள்ளியின் பாலர் வகுப்பில் ஜூன் மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின், பள்ளிக்குப் போகவிருக்கும் பிள்ளைகளின் எடை, உயரம், கண், காது ஆகியவற்றைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். சபையிலே ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவராவது இருப்பார்கள். கண் பார்வைக்குச் சுவரில் மாட்டும் அட்டை ஒன்று போதும். உங்கள் சபைப் பிள்ளைகளோடு தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.

2013 முதல் அரசாங்கத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரண்டு தடவையும் பள்ளிகளுக்கு ஒரு தடவையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டம் இருக்கிறது. "ஊசி போட வருகிறார்கள்" என்று பயந்து அன்றைக்குப் பார்த்துப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் தாய்மாருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

குறை தென்படும் பிள்ளைகளை நமது ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நீங்கள் அனுப்பும் காணிக்கை இங்கே காதுச் சொட்டு மருந்தாகவும், சின்ன மூக்குக்கண்ணாடியாகவும், கிராமத்துத் தாய் ஒருத்தியின் பேருந்துக் கட்டணமாகவும் மாறுகிறது. பேருந்துக் காசு இல்லாமல் இரண்டாம் தடவை வராமல் நின்றுபோகிற தாய்மார் உண்டு. காதுக்கு ஒருநாள் மருந்து போதாது, உலரும்வரை வரவேண்டும்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். பல வாரங்கள் பாட்டி தவறாமல் அழைத்துவந்தார்கள். இடது காது உலர்ந்து நன்றாகக் கேட்கிறது. வலது காதில் குறை இன்னும் இருக்கிறது. வயது வந்தபின் செவிப்பறைக்கு ஆபரேஷன் தேவைப்படலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்தவுடன் ஆசிரியை அவனை முதல் பெஞ்சில், இடது காது தம் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்தார்களாம். இழந்த ஒரு வருஷப் பாடத்தை இப்போது எட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறான். அது லேசான காரியமாக இல்லை.

போன தடவை வந்தபோது, அவன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருக்கையில் நான் பின்னாலிருந்து அவன் பெயரைச் சொன்னேன். திரும்பிப் பார்த்து, "என்ன ஐயா?" என்றான். அவன் புத்திக்காக ஜெபிக்கச் சொன்ன பாட்டியிடம், அன்று அந்த ஜெபம் முதலில் எனக்குத்தான் தேவையாயிருந்தது என்று சொன்னேன்.

இந்த ஜூன் மாதத்தில் பள்ளி செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்காகவும், முதல் வகுப்பு ஆசிரியர்களுக்காகவும், நமது குழந்தைகள் வார்டில் ஊழியஞ்செய்கிற டாக்டர்கள், நர்ஸ்மார்களுக்காகவும் உங்கள் குடும்ப ஜெபத்தில் தவறாமல் ஜெபியுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

கர்த்தருடைய பணியில் உங்கள் அன்புள்ள,
ஆஸ்பத்திரிக் குருவானவர்